தோட்டப்புற நகரில் கேமராவை நம்பி இறங்கலாமா? மூன்று வழிகளும் ஒரு வருடக் கணக்கும்

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ரப்பர், செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய சுங்கை சிப்புட் நகரில் கல்யாணம், விசேஷங்களுக்குப் புகைப்படம் எடுப்பவன். அதனால் என்னிடம் அடிக்கடி வந்து சேரும் கேள்வி இது: “அண்ணே, வேலையை விட்டுட்டு முழுநேரமா இறங்கிடலாமா?” கேட்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் தம்பி தங்கைகள். ஒருவர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார், இன்னொருவர் ஈப்போவில் ஒரு ஸ்டூடியோவில் எடிட்டிங் செய்கிறார், மற்றொருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கையில் நல்ல கேமரா இருக்கிறது, இன்ஸ்டாகிராமில் பாராட்டு வருகிறது, தை மாதத்தில் வரிசையாகக் கல்யாணம் எடுத்துக் காசும் பார்த்தாயிற்று. அப்புறம்தான் இந்தக் கேள்வி பிறக்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தை மாத வருமானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆடியும் மார்கழியும் சேர்ந்த முழு வருடத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள். வேலை இல்லாத மாதங்களை யார் சுமப்பது என்பதுதான் இந்த முடிவின் அடிப்படை. ஸ்டூடியோவில் சேர்ந்தால் முதலாளி சுமக்கிறார், வேலையை வைத்துக்கொண்டால் அந்தச் சம்பளம் சுமக்கிறது, தனியாக இறங்கினால் நீங்கள் சுமக்கிறீர்கள்.

## எதையெல்லாம் எடைபோட வேண்டும்

முதலாவது, மேலே சொன்ன வருடக் கணக்கு. இரண்டாவது, கருவிகளுக்கான முதலும் அவற்றைக் காப்பாற்றும் செலவும். மூன்றாவது, பாதுகாப்பு: இ.பி.எஃப். (ஓய்வுக்காலச் சேமநிதி), சொக்சோ (வேலை விபத்துக் காப்புறுதி), நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டால் பேங்க் என்ன சொல்லும் என்பது. நான்காவது, உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். ஐந்தாவதை யாரும் யோசிப்பதில்லை: நீங்கள் எடுத்த படம் சட்டப்படி யாருக்குச் சொந்தம்?

திறமையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது மூன்று வழிக்கும் பொதுவாகத் தேவைப்படுவது.

## முதலில் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணுவோம்

மலேசியாவில் நம் கல்யாணங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்தான் நடக்கின்றன. வருடத்துக்கு 52 ஞாயிறு. ஆடியிலும் மார்கழியிலும் எட்டு ஒன்பது போய்விடும். புரட்டாசியில் விரதம் இருக்கும் குடும்பங்கள் கல்யாண விருந்து வைப்பதில்லை, அதில் இன்னொரு நான்கு. தைப்பூசம், தீபாவளியை ஒட்டிய ஞாயிறுகளையும் கழித்தால் மிஞ்சுவது முப்பத்தைந்தை ஒட்டித்தான். அவற்றில் நல்ல முகூர்த்தம் உள்ளவை இன்னும் குறைவு. அந்தச் சில ஞாயிறுகளுக்குத்தான் ஊரில் உள்ள அத்தனை பேரும் போட்டி போடுகிறார்கள். ஒரே நாளில் இரண்டு மண்டபத்தில் உங்களால் நிற்கவும் முடியாது.

இப்போது ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். நலங்கு, தாலிகட்டு, வரவேற்பு மூன்றுக்கும் சேர்த்து 3,500 ரிங்கிட் பேசியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது உதாரணத்துக்கு எடுத்த எண்தான், உங்கள் விலையை நீங்கள் போட்டுப் பாருங்கள். கூட எடுப்பவருக்கு 450, ஆல்பத்துக்கு 700, பெட்ரோல், டோல், சாப்பாடு 120 போனால் மிச்சம் 2,230. அடுத்த கேமராவுக்கென்று பேசிய தொகையில் பத்தில் ஒரு பங்கு, 350 ரிங்கிட், ஒதுக்கினால் 1,880. சம்பளக்காரருக்கு இ.பி.எஃப்.-இல் அவர் பங்கு 11 விழுக்காடும், 5,000 ரிங்கிட் வரை சம்பளம் என்றால் முதலாளி பங்கு 13 விழுக்காடும் சேர்கிறது. அதே 24 விழுக்காட்டை நீங்களும் உங்கள் பெயரில் போட்டால் கைக்கு வருவது ஏறக்குறைய 1,430.

அதாவது 3,500 பேசிய கல்யாணத்தில் வீட்டுக்குப் போவது 1,430. குறைந்தபட்சச் சம்பளம் 2025-லிருந்து மாதம் 1,700 ரிங்கிட், இ.பி.எஃப். பிடித்தது போக அதை வாங்குபவர் வீட்டுக்குக் கொண்டுபோவது சுமார் 1,500. வருடத்துக்கு 18,000. நீங்கள் அந்த நிலையைத் தொடவே வருடத்துக்கு 13 கல்யாணம் வேண்டும். 20 கல்யாணம் எடுத்தால் மாதம் சராசரியாக 2,380 நிற்கும். விலை 3,500-க்குப் பதில் 2,200 என்று இறங்கிவிட்டால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். செலவுகள் பெரும்பாலும் அப்படியே இருக்க, விலை மட்டும்தான் குறைகிறது.

இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு வழிகளுக்கு வருவோம்.

## வழி ஒன்று: ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு

நம் ஊர்க் கடைத்தெருவில் இருக்கும் ஸ்டூடியோக்கள் சிறியவை. முதலாளி, அவர் மனைவி, ஒன்றிரண்டு பிள்ளைகள் என்று ஓடுபவை. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களும் 2025 ஆகஸ்டு முதல் 1,700 ரிங்கிட் கொடுத்தாக வேண்டும். வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம், ஒரு நாள் ஓய்வு. மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவருக்கு ஓ.டி.யும் (கூடுதல் நேரச் சம்பளம்) உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி இரவு பதினொன்றுக்குத் திரும்பும் தொழிலில் இந்த மூன்றையும் சேரும்போதே தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும். கூச்சப்பட்டால் பிறகு கேட்கவே முடியாது.

இங்கே கிடைக்கும் பெரிய லாபம், காசு போடாமல் தொழில் படிப்பது. பாஸ்போர்ட் படம், பள்ளி வகுப்புப் படம், பழுதான பழைய படத்தைச் சரிசெய்வது, ஆல்பம் லேஅவுட், கோபமாக வரும் வாடிக்கையாளரைச் சமாளிப்பது எல்லாம் ஒரே இடத்தில் வரும். லென்ஸ் உடைந்தால் உங்கள் பணம் போகாது.

இழப்பு என்னவென்றால், பெயர் உங்களுடையதாக இருக்காது. 1987-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி வேலையில் இருக்கும்போது எடுத்த படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். பின்னாளில் தனியாக வரும்போது அந்தப் படங்களை உங்கள் வேலை என்று காட்ட அவர் சம்மதம் வேண்டும். சேரும்போதே ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து, கையில் கேமரா இல்லாமல் ஆசை மட்டும் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

## வழி இரண்டு: வேலை வேலையாக இருக்க, வாரக்கடைசியில் கேமரா

வெளியே சொல்லாவிட்டாலும் தோட்டப்புற நகரங்களில் படம் எடுப்பவர்களில் நிறையப் பேர் இந்த வழியில்தான் இருக்கிறார்கள். வாரநாளில் தொழிற்சாலை, பள்ளி, கிளினிக், தோட்ட ஆபீஸ். சனி ஞாயிறில் கல்யாணம், 21-ஆம் பிறந்தநாள், சடங்கு, வளைகாப்பு.

ஆடி வந்தால் பயமில்லை. அடுத்த மாதம் சம்பளம் வரும், இ.பி.எஃப். ஏறும், எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் சம்பளம் பிடிக்கமாட்டார்கள். வீட்டுக் கடனுக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. பிடிக்காத வேலையை மறுக்கும் தைரியம் வருவதும் அதனால்தான். அரிசிக்குக் கவலை இல்லாதவரால் “அந்த விலைக்கு என்னால முடியாதுங்க ஆன்ட்டி” என்று பணிவாகச் சொல்ல முடியும். ஊரில் விலை இறங்காமல் இருக்க இந்த மறுப்பு ரொம்ப முக்கியம்.

ஆனால் எடிட்டிங்கை மறந்துவிடுகிறார்கள். ஒரு கல்யாணத்தில் 3,000 படம் எடுத்தால் அதைத் தேர்ந்தெடுத்து, நிறம் சரிசெய்து, ஆல்பத்துக்கு அடுக்க வாரநாள் இரவுகள்தான் மிச்சம். இரண்டு மூன்று கல்யாணம் வரிசையாக வந்தால் ஆல்பம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். நம் ஊரில் நல்ல படம் எடுத்தவரின் பெயர் கெடுவது பெரும்பாலும் இந்தத் தாமதத்தால்தான். ஆண்டுக்கு எத்தனை வேலை எடுப்பது என்று முன்கூட்டியே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவரை மாதத்துக்கு ஒரு கல்யாணமும் ஒரு சின்ன நிகழ்ச்சியும்தான் குடும்பத்தோடு இருக்கிற ஒருவருக்குத் தாங்கும்.

ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்கள், ஞாயிறு ஷிஃப்ட் மாற்றிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் வாங்குங்கள். அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வெளி வேலை செய்யத் துறைத் தலைவரின் அனுமதி வாங்க வேண்டும், 1993-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளில் அது இருக்கிறது. வரிக்கு, சம்பளத்தோடு வியாபார வருமானமும் சேர்ந்துவிட்டால் சம்பளம் மட்டும் வாங்குபவர்கள் ஏப்ரலில் அனுப்பும் பி.இ. வரிப் படிவம் போதாது. பி படிவம் நிரப்ப வேண்டும், கடைசி நாள் ஜூன் 30.

## வழி மூன்று: முழுநேரத் தனிப் படப்பிடிப்பாளர்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆசையும் இங்கேதான், அடியும் இங்கேதான்.

நல்லதிலிருந்து தொடங்குகிறேன். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த படப்பிடிப்பாளருக்கு, கோலாலம்பூரிலிருந்து வரும் டீமிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. எந்தக் குடும்பத்தில் தாய்மாமன் முதலில் மாலை போடுவார், எந்தக் குடும்பத்தில் அத்தைதான் நலங்கை ஆரம்பிப்பார் என்று அவருக்குக் கேட்காமலேயே தெரியும். கெட்டிமேளம் கொட்டும் அந்தச் சில விநாடியில் முன்வரிசையில் நாலு கைப்பேசி எழும்பும், அட்சதை லென்ஸ்மேல் வந்து விழும். எங்கே நின்றால் அதையெல்லாம் தாண்டி மணமகளின் அம்மா முகம் தெரியும் என்பது பழகியவருக்குத்தான் தெரியும்.

அதோடு, இந்த ஊர்களுக்கு நல்ல படம் எடுப்பவர் உண்மையிலேயே தேவை. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிந்தன, மக்கள் தாமான் (நகரக் குடியிருப்பு) வீடுகளுக்குப் போனார்கள். கோயில் மட்டும் பல இடங்களில் தோட்டத்திலேயே நிற்கிறது. திருவிழாவுக்குப் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். கருமகிரியைக்குப் பெரிதாக்கித் தரச் சொல்லி வீட்டார் கொண்டுவருவது பல நேரங்களில் பழைய அடையாள அட்டைதான். நகத்தளவு படம், முத்திரை மை பாதி முகத்தில் ஏறியிருக்கும், தாத்தாவுக்கு வாழ்நாளில் இருந்த ஒரே படம் அது. அதைச் சுத்தம் செய்து பெரிதாக்கிக் கொடுத்தால் அவர்கள் அதை வாங்கிக்கொள்ளும் விதத்தைப் பார்த்தவர் யாரும் இந்தத் தொழிலைச் சாதாரணமாக நினைக்க மாட்டார்.

முழுநேரத்தில் வாரநாட்கள் உங்கள் கையில் வருகின்றன. தனியாகப் பிழைக்கிறவர்களைத் தாங்குவது கல்யாணத்தைவிட அந்த வாரநாட்கள்தான். பள்ளி வகுப்புப் படம், விளையாட்டுப் போட்டி, பாலர்பள்ளிப் பட்டமளிப்பு, பதிவுத் திருமணம், கடைகளுக்கான பொருள் படம், பிறந்த குழந்தைப் படம். பதிவுத் திருமணம் 1982 முதல் முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கட்டாயம், அதனால் ஒவ்வொரு ஜோடியும் எப்படியும் ஒரு நாள் கையெழுத்துப் போட வருவார்கள். ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் அம்மன் கோயில்களில் திருவிழா இருக்கும். ஞாயிறு நிரம்பியிருப்பதைப் பார்த்து முழுநேரத்துக்கு வராதீர்கள். செவ்வாயும் புதனும் நிரம்புமா என்று பாருங்கள்.

இனி மறைந்திருக்கும் செலவுகள்.

ஈரம். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் எந்நேரமும் அதிகம். லென்ஸைப் பையிலேயே போட்டு வைத்தால் சில மாதங்களில் கண்ணாடியின் ஓரத்தில் நூல் நூலாக வெள்ளைப் பூஞ்சை படரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். அது மேல்பூச்சை அரித்துவிட்டால் கழுவினாலும் பழைய நிலை வராது. 40-50 விழுக்காடு ஈரத்தில் வைக்கும் உலர்பெட்டி முதல் நாளே வேண்டும். இரண்டாவது கேமராவுக்கு முன்பே அதை வாங்குங்கள்.

சேமிப்பு. 3,000 ரா படம் (கேமரா சுருக்காமல் பதியும் மூலக் கோப்பு), ஒன்று 35 எம்.பி. என்றால் 100 ஜி.பி.க்கு மேல். இரண்டு பிரதி வைத்தால் 200. வருடத்துக்கு 20 கல்யாணம் என்றால் 4 டி.பி. ஹார்ட்டிஸ்க் செத்துவிட்டது என்று ஒரு மணமகளிடம் போய்ச் சொல்லும் நிலை யாருக்கும் வரக்கூடாது. இரண்டாவது பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும்.

தெரிந்தவர் விலை. “நம்ம தோட்டத்துப் பிள்ளைதானே, பார்த்துப் போட்டுக்கொடு தம்பி.” அப்பாவோடு பால்மரம் வெட்டியவர் கேட்கும்போது மறுப்பது கஷ்டம். விலையைக் குறைக்காமல் பொருளைக் குறைப்பதுதான் நான் கண்ட நல்ல வழி. ஆல்பம் வேண்டாம், படங்கள் மட்டும் போதும் என்றால் இந்த விலை என்று சொல்லலாம். முன்பணம் பாதி, தாலிகட்டுக்கு முதல் நாள் மீதியில் பெரும்பகுதி, ஆல்பம் கொடுக்கும்போது கடைசித் தொகை. கல்யாணம் முடிந்த வீட்டில் காசு இருக்காது, கடன்தான் இருக்கும். மிச்சத்தை அப்புறம் கேட்டு வாங்குவது இரண்டு பக்கத்துக்கும் சங்கடம்.

பாதுகாப்பு. 2020 மார்ச் 18-ஆம் தேதி கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கல்யாணங்கள் நின்றுபோயின. ஸ்டூடியோ ஊழியர்களுக்குச் சம்பள மானியம் முதலாளி வழியாக வர வாய்ப்பிருந்தது. பதிவு செய்து வரிக்கணக்கில் இருந்த குறுவணிகர்களுக்கு 3,000 ரிங்கிட் சிறப்பு மானியம் இருந்தது. கேமரா மட்டும் வைத்துக்கொண்டு எங்கேயும் பதியாதவர்களைக் கணக்கில் எடுக்க வழியே இல்லை. வணிகங்களைப் பதியும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் சொந்தப் பெயரில் பதிய வருடத்துக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயரில் 60 ரிங்கிட்தான். சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டம் ஆண்டுக்கு 157.20 ரிங்கிட்டிலிருந்து தொடங்குகிறது. வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சறுக்கினால் கைகொடுப்பது அதுதான். இ.பி.எஃப்.-இல் சுயதொழில் செய்வோருக்கான ஐ-சாரான் திட்டம் வழியாக நீங்களே போடும் பணத்துக்கு 2025-இல் அரசு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, சேர்த்துக் கொடுத்தது. அந்த ஆண்டில் 2,500 போட்டாலே அந்த 500 முழுதும் வந்துவிட்டது.

வீட்டுக் கடனோ கார்க் கடனோ தேவைப்படும் என்றால் வேலையை விடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். தனியாக வந்த பிறகு பேங்க் பி படிவமும் பல மாத வங்கிக் கணக்கும் கேட்கும்.

உரிமை. தனியாக எடுத்தால் படம் தனக்குச் சொந்தம் என்று நினைப்பவர்கள் அதிகம். நம் நாட்டுச் சட்டம் வேறு மாதிரி. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் காப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே போகிறது. உங்கள் பக்கத்தில் போடுவதற்கும், ஆல்பம் மாதிரியாகக் காட்டுவதற்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும்.

பெண்கள் இந்த வழிக்கு வருவதை நான் மனதார வரவேற்கிறேன். சடங்கு, வளைகாப்பு, மணமகள் அலங்கார அறை என்று வீட்டார் பெண் ஒருவரையே விரும்பிக் கேட்கும் வேலைகள் நிறைய இருக்கின்றன, எடுக்க ஆள் குறைவு. ஆனால் வரவேற்பு முடிந்து நள்ளிரவில் செம்பனைக்கு நடுவே தனியாகக் கார் ஓட்டி வரவேண்டியிருக்கும். உதவியாள் ஒருவரின் சம்பளத்தை விலையிலேயே சேர்த்துவிடுங்கள், அதை வாய்விட்டுச் சொல்லியே கேளுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஸ்டூடியோ சம்பளம் | வாரக்கடைசி | முழுநேரம் |
|---|---|---|---|
| ஆடி, மார்கழி | சம்பளம் வரும் | வேறு சம்பளம் தாங்கும் | சேமிப்புதான் தாங்கும் |
| கருவி முதல் | இல்லை | உங்களுடையது, மெதுவாக | உங்களுடையது, உடனே |
| இ.பி.எஃப்., சொக்சோ | முதலாளி வழியாக | முதலாளி வழியாக | நீங்களே போட வேண்டும் |
| ஞாயிறு | முதலாளி கையில் | பெரும்பாலும் போய்விடும் | போய்விடும், வாரநாள் கிடைக்கும் |
| படத்தின் உரிமை | முதலாளிக்கு | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | ஒப்பந்தத்தைப் பொறுத்தது |
| வளர இடம் | குறைவு | நேரம் தடுக்கும் | அதிகம் |

இவை தவிர, கோலாலம்பூர் டீம்களுக்கு நாள் கூலிக்குப் போய் இரண்டாவது ஆளாக எடுப்பதும் உண்டு. அனுபவத்துக்கு நல்லது. ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல், டோலும் தூக்கமும் போனபின் கையில் நிற்பது கொஞ்சம்தான். ஈப்போ டீம்கள் என்றால் சுமார் 30 கிலோமீட்டர், அது கட்டுப்படியாகும்.

## நான் யாருக்கு எதைச் சொல்வேன்

வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி அப்பா அம்மாவோ தம்பி தங்கையின் படிப்போ இருந்தால், இரண்டாவது வழியிலேயே இரண்டு முழு வருடம் இருங்கள். ஒரு வருடம் போதாதா என்றால், முதல் வருடத்தில் வரும் வேலையில் பாதி சொந்தக்காரர்களும் பள்ளி நண்பர்களும் கொடுப்பது. இரண்டாம் வருடத்தில்தான் முகம் தெரியாதவர்கள் விலை கேட்டு வருகிறார்களா என்று தெரியும்.

தனி ஆளாக இருக்கிறீர்கள், ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது, கேமராவுக்குத் தவணை பாக்கி இல்லை, வாரநாள் வேலைக்கு இரண்டு பள்ளியோ ஒரு கடையோ வாய்மொழியாகவாவது உறுதி கொடுத்திருக்கிறார்கள் என்றால் இறங்குங்கள். இருபத்தைந்து வயதில் இறங்குவதில் தப்பே இல்லை. ஆனால் ஆவணியை ஒட்டி இறங்குங்கள். புரட்டாசியும் மார்கழியும் நடுவில் வந்தாலும் ஐப்பசி, கார்த்திகை, தை, மாசி கைகொடுக்கும். வைகாசி, ஆனி முடியும் நேரத்தில் வேலையை விட்டால் முதல் மாதமே ஆடி.

கடை வாடகைக்கு எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். முதல் இரண்டு வருடம் வேண்டாம். பாஸ்போர்ட் படத்துக்கும் பிரேம் போடுவதற்கும் தினம் ஆள் வரும் கடைத்தெரு என்றால்தான் வாடகை கட்டுப்படியாகும். மற்றவர்களுக்கு வீட்டு முன்னறையில் ஒரு மேசையும், காட்டுவதற்கு இரண்டு நல்ல ஆல்பமும் இருந்தால் போதும். அந்த வாடகைப் பணத்தை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், ஆடியில் எடுக்கலாம்.